ஜோக்கரின் அடியாளுக்கும் ஒரு பொம்மை உண்டு

டிம் பர்ட்டன் இயக்கிய 'பேட்மேன்' 1989 ஜூனில் வெளிவந்தபோது அமெரிக்காவில் வவ்வால் சின்னம் ஒட்டாத சாமான் எதுவும் இல்லை என்கிற அளவுக்கு வியாபாரம் நடந்தது. டி-ஷர்ட், தொப்பி, கோப்பை என்று எதைத் தொட்டாலும் அந்த மஞ்சள் வட்டமும் கறுப்பு வவ்வாலும்தான். பொம்மை செய்யும் உரிமை டாய் பிஸ் என்ற கம்பெனியிடம் இருந்தது. அந்தப் படத்துக்காக அவர்கள் விட்ட ஆக்‌ஷன் ஃபிகர்கள், அதாவது கை கால் மடங்குகிற மனித பொம்மைகள், மொத்தம் மூன்றே மூன்று ஆட்களுக்குத்தான். ஒன்று பேட்மேன். சொல்லவே வேண்டாம். இரண்டாவது ஜோக்கர். அதுவும் சொல்ல வேண்டாம். மூன்றாவது யார்?

படம் பார்த்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். கதாநாயகி விக்கி வேல், அதாங்க கிம் பேசிங்கர்? இல்லை. பேட்மேனை வளர்த்து ஆளாக்கிய ஆல்ஃப்ரெட்? இல்லை. போலீஸ் கமிஷனர் கார்டன்? அவரும் இல்லை. அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்? ம்ஹும்.

மூன்றாவது பொம்மை பாப்.

எந்த பாப் என்று கேட்டால் அது உங்கள் தப்பு இல்லை. ஜோக்கருக்குப் பின்னால் எப்போதும் நின்றுகொண்டிருப்பானே, அவன்தான். டாய் பிஸ் அட்டையிலும் அவனுக்குப் பெரிய பட்டமெல்லாம் இல்லை, ஜோக்கரின் அடியாள் என்று மட்டும்தான். ட்ரேசி வால்ட்டர் என்ற நடிகர் செய்த வேடம். முதலாளி சொன்ன இடத்துக்குப் போவான், சொன்ன ஆளைப் பின்தொடர்வான், ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பான். கடைசியில் பேட்மேன் தன் விமானத்தில் வந்து ஜோக்கரின் விஷவாயு பலூன்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விட, கடுப்பான ஜோக்கர் பாப்பிடமே துப்பாக்கியைக் கேட்டு வாங்கி அவனையே சுட்டுவிடுகிறான். அத்தனை வருஷ விசுவாசத்துக்கு அரை நிமிஷத்தில் கணக்குத் தீர்ந்தது. தியேட்டரில் சிரித்தவர்களும் உண்டு.

அந்த பாப்புக்குத்தான் உதைக்கிற கால் வைத்து, கலர் அடித்து, அட்டையில் ஒட்டி விற்றார்கள். ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பொம்மை வாங்கப்போவது பையன்கள். அவர்கள் கையில் பேட்மேன் இருந்தால் அடிப்பதற்கு ஒருவன் வேண்டும். ஆல்ஃப்ரெடை அடிக்க முடியுமா? விக்கி வேலை அடிக்க முடியுமா? பாப்பை அடிக்கலாம். ஆக, ஒரு படத்தில் யாருக்கெல்லாம் உருவம் கிடைக்கும் என்பதைக் கதை தீர்மானிப்பதில்லை. சண்டை தீர்மானிக்கிறது. அதற்கு அப்புறம் கடைக்காரர், அச்சுச் செலவு, பெட்டிக் கணக்கு என்று வேறு பல பேர் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்.

இந்த பாப்களைத் தேடித்தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. சூப்பர் ஹீரோ படங்களின் ஹீரோவை விட்டுவிட்டு டிரைவர், செக்ரட்டரி, நண்பன், ஆபீசர், அடியாள் என்று துணைக் கதாபாத்திரங்களை மட்டும் வாங்குகிறவர்கள். கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் நவராத்திரி கொலு பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போக நியாயமில்லை. பெருமாளையும் தாயாரையும் மட்டும் வைத்து யாராவது கொலு வைப்பார்களா? பலசரக்குக் கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாரும், அவர் மனைவியும், நாதஸ்வர செட்டும், கல்யாண ஊர்வலத்தில் பல்லக்குத் தூக்குகிறவர்களும் இருந்தால்தானே அது கொலு? செட்டியார் பொம்மைக்குக் கை உடைந்தால் வீட்டில் எவ்வளவு அமளி நடக்கும் என்பது நடந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

ஹீரோவை மட்டும் சேர்ப்பவரின் அலமாரியைப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். 1990-ல் பேட்மேன் உரிமை கென்னர் கம்பெனிக்குக் கைமாறியது. அவர்கள் பேட்மேனையே வித விதமாகச் செய்து தள்ள ஆரம்பித்தார்கள். 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வந்தபோது பனியில் போகிற பேட்மேன், கடலுக்கடியில் போகிற பேட்மேன் என்று சட்டை மாற்றி மாற்றி ஒரே ஆள். எல்லாவற்றையும் வாங்கி வரிசையாக வைத்தால் துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மைகள் மாதிரி இருக்கும். யாரும் யாரிடமும் பேச முடியாது. எல்லோரும் ஒரே ஆள்தானே!

அதே 1992 வரிசையில் ராபின் பொம்மை இருந்தது. படத்தில் ராபினே கிடையாது! அந்தப் பாத்திரத்துக்கு மார்லன் வேயன்ஸை ஒப்பந்தம் செய்துவிட்டு, பிறகு கதையிலிருந்தே தூக்கிவிட்டார்கள். பொம்மை மட்டும் கடைக்கு வந்துவிட்டது. பெங்குயின் பொம்மையோ இன்னும் கூத்து. டேனி டிவிட்டோ அத்தனை மேக்கப் போட்டுக்கொண்டு கோரமாக நடித்திருக்க, கடையில் வந்தது 1980-களின் 'சூப்பர் பவர்ஸ்' வரிசையில் வந்த பழைய காமிக்ஸ் பெங்குயினின் அச்சில் வேறு வண்ணம் அடித்த சரக்கு. படம் முழுக்க வந்து எல்லா வில்லத்தனமும் செய்கிற மாக்ஸ் ஷ்ரெக்குக்கு (கிறிஸ்டஃபர் வாக்கன்) அந்த வரிசையில் ஒன்றும் இல்லை. கோட்டு சூட்டு போட்ட ஒரு முதலாளியை எந்தப் பையன் கேட்பான் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்கும் முன்னால், 1978-ல் கிறிஸ்டஃபர் ரீவ் நடித்த 'சூப்பர்மேன்' வந்தபோது மெகோ கம்பெனி ஓரடிக்கும் சற்று அதிகமான உயரத்தில் பெரிய பொம்மைகள் செய்தது. சூப்பர்மேன், லெக்ஸ் லூதர், சூப்பர்மேனின் அப்பா ஜோர்-எல், ஜெனரல் ஸாட். ஜோர்-எல்லாக நடித்தது மார்லன் பிராண்டோ. ஸாட் அந்த முதல் படத்தில் ஆரம்பத்தில் சில நிமிஷங்கள் வந்து தண்டனை வாங்கிக்கொண்டு போகிறவர். அவருக்கு உண்டு. படம் முழுக்க வருகிற லோயிஸ் லேன் அந்த வரிசையில் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இப்போது கடை நிலவரத்துக்கு வருவோம். இந்தச் சேகரிப்பின் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

இன்று சூப்பர் ஹீரோ பொம்மை சேர்ப்பவர்களிடம் அதிகம் புழங்குவது 'மார்வல் லெஜண்ட்ஸ்' என்ற ஆறு அங்குல வரிசை. 2002-ல் டாய் பிஸ் ஆரம்பித்தது. 2007-லிருந்து ஹாஸ்ப்ரோ கையில் இருக்கிறது. கடைக்கு இவை தனித்தனியாக வருவதில்லை, பெட்டி பெட்டியாக வரும். ஒரு பெட்டிக்குள் யார் எத்தனை பேர் என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். நன்றாக ஓடும் என்று நினைக்கிற ஹீரோ இரண்டு வரலாம், துணைப் பாத்திரம் ஒன்று வரலாம். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் கொக்கியில் மாட்டுகிறார். அந்த ஒன்றை முதலில் வருகிறவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தக் கடையில் அதோடு சரி. இப்படிக் குறைவாகப் போடுவதை 'ஷார்ட் பேக்' என்பார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கம்பெனி கணக்குத் தப்பாகி, யாருமே சீண்டாத ஒருவரை அதிகமாகப் போட்டுவிட்டால் அவர் கொக்கியிலேயே மாதக்கணக்கில் தொங்குவார். 'பெக் வார்மர்' என்று பெயர். கொக்கியைச் சூடாக வைத்திருக்கிறவராம்! விலையைக் குறைப்பார்கள், அப்புறம் இன்னும் குறைப்பார்கள். அவர் தொங்குகிற வரை கடைக்காரர் அடுத்த பெட்டியை வாங்க மாட்டார். ஆகவே துணைப் பாத்திரம் என்றாலே கடைக்காரருக்கு ஒரு பயம். அந்தப் பயம் கம்பெனிக்குத் தொற்றி, அடுத்த படத்தில் துணைப் பாத்திரமே வேண்டாம், இன்னொரு சட்டை போட்ட அயர்ன் மேனே போதும் என்று முடிவாகிவிடும்.

ஆனால் சேகரிப்பவருக்கு இதில் ஒரு சூட்சுமம் தெரியும். ஹீரோ மறுபடியும் வருவார். அடுத்த வருஷம் இன்னும் நல்ல முகத்தோடு, இன்னும் அதிக மூட்டுகளோடு கட்டாயம் வருவார். இன்று வாங்கிய அயர்ன் மேன் மூன்று வருஷத்தில் பழைய சரக்கு. காரோட்டி ஹேப்பி ஹோகன் ஒருமுறை வந்தால் வந்ததுதான். இன்னொரு தடவை வருவாரா என்பது அந்தப் பகவானுக்கே வெளிச்சம். பாதி விலைக்குக் கொக்கியில் கிடக்கும்போது எடுக்காதவர்கள் இரண்டு வருஷம் கழித்து அதே ஆளை மூன்று மடங்கு கொடுத்துத் தேடுவதும் இதனால்தான்.

யாரும் வாங்காத பாத்திரத்தையும் விற்க டாய் பிஸ் 2005-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. நிஜமாகவே பலே தந்திரம். ஒரு வரிசையில் உள்ள ஒவ்வொரு பொம்மையின் அட்டைக்குள்ளும் வேறொரு பெரிய பொம்மையின் ஒரு உறுப்பை வைத்துவிடுவது. ஒருவரிடம் இடது கை, இன்னொருவரிடம் வலது கால், மற்றொருவரிடம் தலை. எல்லோரையும் வாங்கினால்தான் அந்தப் பெரிய ஆள் முழுசாக வருவார். முதலில் இப்படி வந்தது கேலக்டஸ், கிரகங்களைத் தின்கிற ராட்சசன். ராட்சசனுக்காக ஊர் பேர் தெரியாதவர்களையும் சேர்த்து வாங்கினார்கள் ஜனங்கள்.

2018-ல் 'பிளாக் பேந்தர்' வந்தபோது இது தலைகீழானது. வகாண்டாவின் பெண் தளபதி ஒகோயே (தனாய் குரிரா நடித்தது) படத்தில் எல்லோரையும் கவர்ந்த பாத்திரம். அவரைத் தனியாக விற்கவில்லை, உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஆறு அட்டைகளில் வைத்தார்கள். ஆறில் பிளாக் பேந்தர், கில்மாங்கர், நகியா ஆகியோர் படத்துக்காரர்கள், சரி. ஆனால் நேமோரும் பிளாக் போல்ட்டும் ஒரு அயர்ன் மேனும் காமிக்ஸிலிருந்து வந்தவர்கள். அந்தப் படத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்போது ஒன்று சுமார் 20 டாலர். ஒகோயே வேண்டும் என்கிற ஒருவர் 120 டாலர் செலவழித்து, வேண்டாத மூன்று பேரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒகோயேவுக்கு அவ்வளவு மதிப்பு என்று சந்தோஷப்படுவதா, தளபதியைத் துண்டு துண்டாக விற்றார்களே என்று கோபப்படுவதா என்று புரியாமல் அன்று நிறைய பேர் தவித்தார்கள். இதில் இரண்டாவது கட்சிக்குத்தான் நியாயம் அதிகம். பிளாக் பேந்தர் ரசிகையான ஒரு சின்னப் பெண் கடைக்குப் போய் "எனக்கு ஒகோயே வேண்டும்" என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? வலது காலையா?

துணைப் பாத்திரங்கள் அபூர்வமாக வருவதற்கு இன்னொரு காரணம் முகம். இதைப் பலரும் யோசித்துப் பார்ப்பதில்லை. அயர்ன் மேனுக்கு முகமூடி. ஸ்பைடர்மேனுக்கும் முகமூடி. பேட்மேனுக்குத் தாடை மட்டும் போதும். முகமூடியைச் சரியாகச் செய்துவிட்டால் வேலை முடிந்தது. துணைப் பாத்திரமோ பெரும்பாலும் சாதாரண மனிதன். சாதாரண சட்டை, சாதாரண தலைமுடி. முகம் நடிகரைப் போல இல்லையென்றால் அவர் யார் என்றே யாருக்கும் தெரியாது. நடிகரின் சாயலைப் பயன்படுத்த உரிமை வேறு வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கண்ணில் கருவிழி கொஞ்சம் நகர்ந்தாலும் ஆள் மாறிவிடுவார். 2017-18 வாக்கில் ஹாஸ்ப்ரோ கையால் வண்ணம் தீட்டுவதை விட்டுவிட்டு முகத்தை நுணுக்கமாக அச்சிட்டு ஒட்டுகிற முறைக்கு மாறியது. அதற்கு முன்பு வந்த பொம்மைகளையும் பின்பு வந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் கண்ணை அறையும். முன்னதில் எல்லோரும் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள் :-)

உடம்புக்கும் ஒரு கணக்கு. இரும்பு அச்சு செய்யப் பல ஆயிரம் டாலர் ஆகும். ஒருமுறைதான் விற்கப்போகிற ஆளுக்காகப் புது அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. ஏற்கெனவே இருக்கிற உடம்பில் புதுத் தலையை மாட்ட முடிந்தால் செய்வார்கள். இந்த இடத்தில்தான் ஏஜென்ட் கோல்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஃபில் கோல்சன் காமிக்ஸில் பிறந்தவர் இல்லை. 2008-ல் 'அயர்ன் மேன்' படத்துக்காக உருவாக்கிய ஒரு குட்டிப் பாத்திரம். டோனி ஸ்டார்க்கைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கேட்டுக் கேட்டு அலைகிற அரசாங்க ஆபீசர். கிளார்க் கிரெக் அதை அவ்வளவு அலட்டல் இல்லாமல் செய்ததால் அடுத்தடுத்த படங்களிலும் வந்தார். 2012-ல் 'தி அவெஞ்சர்ஸ்' வந்தபோது அவரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தது. மனுஷன் ஒரு சேகரிப்பாளர்! கேப்டன் அமெரிக்காவின் பழங்கால அட்டைகளை ஒன்று விடாமல் ஓரிரு வருஷம் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறார். ஓரத்தில் லேசாகக் கறை, மற்றபடி புதுசு மாதிரி என்று கேப்டனிடமே கூச்சத்தோடு சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார். கையெழுத்து வாங்குவதற்குள் செத்தும் போகிறார். அந்த அட்டைகளை ரத்தக் கறையோடு மேஜைமேல் வீசி நிக் ஃப்யூரி ஹீரோக்களை ஒன்று சேர்க்கிறார். உலகத்தைக் காப்பாற்றிய கதையில் திருப்புமுனை ஒரு சேகரிப்பாளரின் அட்டைக்கட்டு. (அட்டைகள் அவர் சட்டைப்பையில் இருக்கவில்லை, லாக்கரில்தான் இருந்தன என்று மரியா ஹில் கண்டுபிடிப்பது தனிக்கதை. ரத்தம் பூசினது ஃப்யூரியின் வேலை. எந்தச் சேகரிப்பாளராலும் மன்னிக்க முடியாத குற்றம்.)

அந்தக் கோல்சனுக்கும் பிற்பாடு பொம்மை வந்தது. நிக் ஃப்யூரி, மரியா ஹில்லோடு சேர்ந்து மூன்று பேர் கொண்ட ஒரே பெட்டியாக, டாய்ஸ் ஆர் அஸ் கடைகளில் மட்டும். கோட்டு சூட்டு போட்ட உடம்பு. அதற்கு அப்புறம்தான் வேடிக்கை. அந்தச் சூட்டு உடம்பு ஹாஸ்ப்ரோவுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. கோட்டு போட்ட ஆள் யார் வந்தாலும் அதே உடம்பில் வேறு தலை. சேகரிப்பவர்கள் புதுப் பொம்மையின் படத்தைப் பார்த்த உடனே "இது கோல்சன் உடம்பு" என்று சொல்லிவிடுவார்கள். படத்தில் செத்துப்போனவர் பொம்மைத் தொழிற்சாலையில் கழுத்துக்குக் கீழே வருஷக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு அரசாங்க ஊழியருக்கு இதைவிடப் பொருத்தமான மறுபிறவி கிடைக்குமா?

இப்போது லோயிஸ் லேனை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

இந்தச் சேகரிப்பில் உட்காருகிறவர்களுக்குச் சீக்கிரமே கண்ணில் படுகிற விஷயம், அலமாரியில் பெண்கள் குறைவு என்பது. 2014-ல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' வந்தபோது ஐந்து பேர் குழுவில் கமோரா மட்டும் பல பொருட்களில் காணாமல் போயிருந்தார். 2015-ல் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் பைக்கில் குதித்து வருகிறவர் பிளாக் விடோ. படத்தின் நல்ல காட்சிகளில் ஒன்று. பொம்மையாக வந்தபோது பைக் இருந்தது, விமானம் இருந்தது, ஓட்டுகிறவர் கேப்டன் அமெரிக்கா! நடாஷா எங்கே என்று இணையத்தில் ஒரே சத்தம். ஹல்க்காக நடித்த மார்க் ரஃபலோவே தன் வீட்டுப் பெண் குழந்தைகளுக்காக பிளாக் விடோ பொருட்கள் இன்னும் வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார்.

கடையில் இல்லாதது ஒரு பக்கம். இந்தக் கணக்கு படத்துக்குள்ளேயே புகுந்த கதையும் உண்டு. 'அயர்ன் மேன் 3' (2013) படத்தின் இயக்குநர் ஷேன் பிளாக் 2016-ல் ஒரு பேட்டியில் சொன்னார்: முதலில் எழுதிய திரைக்கதையில் முக்கிய வில்லன் ஒரு பெண். பெண் என்றால் பொம்மை விற்காது என்று கம்பெனி மேலிடத்திலிருந்து தகவல் வந்தது, திருத்தி எழுதினோம் என்று. ரெபெக்கா ஹால் நடித்த மாயா ஹான்சன் படத்தின் நடுவிலேயே சுடப்பட்டுச் சாவதைப் பார்த்து, இவ்வளவு நல்ல நடிகையை எதற்கு இதற்குக் கூப்பிட்டார்கள் என்று குழம்பியவர்களுக்கு மூன்று வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. கொக்கியில் தொங்கிவிடுவார் என்ற பயத்தில் ஒரு பாத்திரத்தையே சுருக்கிவிட்டார்கள். பொம்மை சேர்ப்பதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

மனிதர்களாக இருப்பதே இந்தப் பொம்மைகளுக்கு ஒரு காலத்தில் செலவு. அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தில் முன்பு இரண்டு பிரிவு இருந்தது. மனித உருவமாக இருந்தால் 'டால்', 12 சதவீத வரி. மற்றவை 'டாய்', 6.8 சதவீதம். ஹாஸ்ப்ரோ 1964-ல் ஜி.ஐ. ஜோவை விற்கும்போது 'டால்' என்று சொன்னால் ஆண் பிள்ளைகளுக்கு வாங்க மாட்டார்கள் என்றுதான் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரையே கொண்டுவந்தார்கள். சுங்க இலாகாவிடம் அந்த ஜம்பம் பலிக்குமா? வரி கட்டு என்றார்கள். டாய் பிஸ் வழக்குப் போட்டது: எக்ஸ்-மென் மனிதர்களே இல்லை, மியூட்டன்ட்டுகள், ஆகவே குறைந்த வரிதான் என்று. நீதிபதி ஜூடித் பார்ஸிலே 2003 ஜனவரியில் கம்பெனி சொல்வதே சரி என்று தீர்ப்புக் கொடுத்தார். தாங்களும் மனிதர்கள்தான் என்று நாற்பது வருஷமாகக் கதையில் போராடிக்கொண்டிருந்தவர்கள் மனிதர்கள் இல்லை என்று சொந்தக் கம்பெனியே கோர்ட்டில் நிரூபித்துவிட்டது! ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தத் தர்க்கப்படி பார்த்தால் ஹீரோவுக்கு 6.8, அவருக்கு டீ போட்டுத் தருகிற ஆல்ஃப்ரெட் மாதிரி ஆட்களுக்கு 12.

நம்மூரில் சேர்ப்பவர்கள் இந்தச் சதவீதங்களைப் பார்த்தால் சிரிப்பார்கள். இந்தியாவில் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70. கூடவே 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உள்ளூர்த் தொழிலுக்கு இது நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முத்திரை வாங்கி, வரி கட்டி ஒருவர் இறக்குமதி செய்தால் அயர்ன் மேனைத்தான் செய்வார், ஹேப்பி ஹோகனையா செய்வார்? ஆகவே துணைப் பாத்திரங்கள் இங்கே வருவது சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவுக்கு வருகிற சித்தப்பாவின் பெட்டியில், சட்டைகளுக்கு நடுவில் சுருண்டு படுத்துத்தான்.

கம்பெனி செய்யாத ஆளைத் தானே செய்துகொள்கிற ரகமும் உண்டு. இந்தக் கூட்டத்தில் மிகவும் மரியாதைக்குரியவர்கள் இவர்களே. உடைந்த பொம்மைகளை மலிவாக வாங்கி, ஒருவரின் கையை இன்னொருவரின் தோளில் பொருத்தி, எப்பாக்ஸி களிமண்ணில் தலைமுடி செய்து, வண்ணம் தீட்டி நிறுத்துவார்கள். கழுத்து மூட்டின் குமிழ் அளவு பொருந்தவில்லை என்றால் வெந்நீரில் போட்டு இளக்க வேண்டும். வண்ணத்தைக் கெட்டியாகப் பூசினால் மூட்டை மடக்கும்போது உரிந்துவிடும். இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதால் தலையை மட்டும் அச்சிட்டுக்கொள்கிறார்கள். உடம்புக்கு வேறென்ன, கோல்சன்தான். படத்தில் ஐந்து நிமிஷம் வந்துபோன ஒரு ஆபீசருக்காக மூன்று வார இறுதிகளைச் செலவழித்தேன் என்று ஒருவர் சொன்னால் கேட்கிற மற்றவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். எந்தப் பிசின் உபயோகித்தீர்கள் என்று கேட்பார்கள்.

அந்த 1989 ஹார்வி டென்ட் விஷயம் பாக்கி இருக்கிறது. அந்த வேடத்தில் நடித்தவர் பில்லி டீ வில்லியம்ஸ். அவருக்குப் பொம்மை புதிதல்ல, ஸ்டார் வார்ஸின் லாண்டோவாக 1980-லேயே கென்னர் அவரைச் செய்துவிட்டது. ஹார்வி டென்ட் காமிக்ஸில் பின்னாளில் முகம் பாதி கருகி டூ-ஃபேஸ் என்ற வில்லனாகிற பாத்திரம். அடுத்த படங்களில் அது நடக்கும் என்று காத்திருந்தார். 1995-ல் 'பேட்மேன் ஃபாரெவர்' படத்தில் அது நடந்தது, ஆனால் வேடம் டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது, பொம்மையும் அவருக்கே. வில்லியம்ஸின் டென்ட் பாதி முகம்கூடக் கருகாமல் 1989-லேயே நின்றுபோனார். 28 வருஷம் கழித்து, 2017-ல் 'தி லெகோ பேட்மேன் மூவி' எடுத்தவர்கள் டூ-ஃபேஸுக்குக் குரல் கொடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். பேசியது ரொம்பக் கொஞ்சம். லெகோ அந்த டூ-ஃபேஸுக்கு ஒரு வண்டியும் செட்டுமாகப் பொம்மை விட்டது. வில்லியம்ஸின் நிறம், ஒரு பக்கம் கருகிய முகம், நான்கு சென்டிமீட்டர் உயரம். பழைய டாய் பிஸ் பேட்மேன் பக்கத்தில் வைத்தால் உயரம் ஒத்துவராது, இடுப்புக்குக்கூட எட்டாது. அதற்காக வைக்காமல் இருப்பார்களா என்ன.